மாமியார் பெயரில் இருக்கும் வீடு

வணக்கம்.

என் தங்கைக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். எம்.காம். படித்தவள், ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். சம்பளம் விழுந்த அன்றே ஏ.டி.எம். கார்டு மாப்பிள்ளை கைக்குப் போய்விடும். நான்கு வயதில் ஒரு பையன். முதலில் குடித்த நாளில் மட்டும் அடி, இப்போது குடிக்காத நாளிலும். போன மாதம் கழுத்தைப் பிடித்திருக்கிறார். மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். இருவரையும் உட்கார வைத்துப் பேசி, "இனி இப்படி நடக்காது" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பத்தாம் நாள் மறுபடி ஆரம்பித்துவிட்டது.

அப்பா, "வீடு அவங்க அம்மா பேர்ல இருக்கு, அங்க நமக்கு என்ன உரிமை, பையனைத் தூக்கிக்கிட்டு வந்துடச் சொல்லு" என்கிறார். அம்மாவுக்கு ஊர் என்ன சொல்லும் என்ற கவலை. படித்துச் சம்பாதித்தால் பெண்ணை யாரும் அசைக்க முடியாது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அவளுக்கு இரண்டும் இருக்கிறது. பிறகு ஏன் இப்படி? வீட்டை விட்டு வந்துவிடுவது ஒன்றுதான் வழியா?

(பெயர், ஊர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

கழுத்தைப் பிடித்ததைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். மற்ற அடிகளோடு அதைச் சேர்க்காதீர்கள். மனைவியின் கழுத்தை ஒருமுறை நெரித்தவன் பின்னாளில் கொலை வரை போகும் ஆபத்து அதிகம் என்பது குடும்ப வன்முறையை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது. வெளியே தடமே இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்மியிருந்தாலோ, விழுங்க வலித்தாலோ, கண்வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆகவே உங்கள் தங்கை இப்போதைக்கு அந்த வீட்டில் இரவு தங்காமல் இருப்பது நல்லது. அப்பா சொல்லும் முடிவு சரி, அதற்கு அவர் சொல்லும் காரணம் தவறு.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவு, பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை மனைவிக்குத் தருகிறது. பத்திரம் யார் பெயரில் என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆனால் 2006இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், மாமியார் பெயரில் உள்ள வீடு இந்த வரையறைக்குள் வராது என்று சொல்லிவிட்டது. உங்கள் அப்பா காதில் விழுந்தது அதன் எதிரொலியாக இருக்கலாம். பதினான்கு வருடம் எத்தனையோ மருமகள்கள் அந்த ஒரு தீர்ப்பைக் காட்டியே வெளியே அனுப்பப்பட்டார்கள். 2020 அக்டோபர் 15 அன்று சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் தவறென்று தள்ளிவிட்டது. அந்த வழக்கில் வீடு மாமனார் பெயரில் இருந்தது.

இது குடியிருக்கும் உரிமை, சொத்துப் பங்கு அல்ல. வயதான மாமனார், மாமியாரின் நிம்மதியையும் நீதிமன்றம் எடைபோடும். கணவரை வெளியேறச் சொல்லி 19ஆம் பிரிவில் உத்தரவு கேட்கலாம், பெண்ணான மாமியாரை வெளியேறச் சொல்ல முடியாது. ஒரே அடுப்படி உள்ள வீட்டில் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு மாமியாரோடு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் மனுவில் இரண்டையும் கேளுங்கள்: அந்த வீட்டில் இருக்க உரிமை, இல்லையென்றால் அதே தரத்தில் வேறு வீடு அல்லது அதற்கு வாடகை. வாடகை என்ற பகுதியை எழுத மறந்து, வீட்டுக்காகவே வருடக்கணக்கில் மல்லுக்கட்டும் வழக்குகள் நிறைய. இன்று தங்கை வெளியே வந்துவிட்டாலும் இந்த உரிமை போகாது. "வாழ்கிற, அல்லது எப்போதாவது வாழ்ந்த" வீடு என்பதுதான் சட்டத்தின் வரையறை.

காவல் நிலையத்தில் எழுதி வாங்கியது பற்றி. அந்தத் தாளுக்குப் பின்னால் எந்தத் தண்டனையும் இல்லை, அதனால்தான் அது பத்து நாள்கூடத் தாங்கவில்லை. மனு கொடுத்தபோது சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்கினீர்களா? இல்லையென்றால் அடுத்த முறை அது இல்லாமல் வெளியே வராதீர்கள். "எனக்குப் புகார் இல்லை" என்று தங்கையிடமும் கையெழுத்து வாங்கியிருந்தால் அதன் நகலைத் தேடி எடுங்கள், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அதைத்தான். ஒன்று சொல்ல வேண்டும்: 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், உடல் ரீதியாகவோ பாலியல் ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதம்தான். உங்கள் தங்கை ஸ்டேஷன் படியேறியது சாதாரணக் காரியம் இல்லை. அங்கே அவர் கேட்டிருக்க வேண்டியது வேறு, அவ்வளவுதான்.

"அவனை உள்ளே வையுங்கள்" என்று கேட்டால் பேச்சுவார்த்தையில் முடிவது வழக்கமாகிவிட்டது. மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பழைய 498ஏ, இப்போது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில் 85ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை தண்டனை உள்ளது. ஆனால் 2014க்குப் பிறகு இதில் உடனே கைது செய்வதற்கு உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டிருக்கிறது. கழுத்தை நெரித்ததற்கு அந்தப் புகாரும் கட்டாயம் கொடுக்கப்பட வேண்டும், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. 2005 சட்டத்தில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 18ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு உத்தரவு போட்டுவிட்டால், அதை மீறுவதே தனிக் குற்றம். ஒரு வருடம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், பிடியாணை இல்லாமல் கைது, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. அன்று எழுதி வாங்கிய தாளில் இல்லாத பல் இதில் இருக்கிறது.

இதற்கு மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். காசு கிடையாது. அவர் குடும்ப நிகழ்வு அறிக்கை என்ற படிவத்தை நிரப்புவார். முக்கால்வாசி வழக்குகள் பலவீனப்படும் இடம் இதுதான். "அடிக்கடி அடிப்பார், கெட்ட வார்த்தை பேசுவார், சாப்பாடு போட மாட்டார்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதை வைத்து எந்த நீதிபதியும் எதையும் பார்க்க முடியாது. இப்படி எழுத வேண்டும்: "மாட்டுப் பொங்கலன்று இரவு ஒன்பது மணி இருக்கும். அடுப்படியில். குக்கர் மூடியால் இடது முழங்கையில் அடித்தார். பையன் முழித்துக்கொண்டு கதவோரம் நின்றான். எதிர் வீட்டு அம்மா லைட் போட்டார்." தேதி நினைவில்லை என்றால் பண்டிகை, பள்ளி திறந்த நாள், சம்பள நாள் என்று ஏதாவதொன்றில் கோத்துக்கொள்ளலாம். ஐந்தாறு சம்பவம் இப்படி இருந்தால் போதும். ஏ.டி.எம். கார்டைப் பிடுங்கி வைத்ததையும் எழுதுங்கள், பொருளாதார வன்முறை என்று சட்டம் அதற்குத் தனியாகவே இடம் வைத்திருக்கிறது.

மருத்துவமனையிலும் இதே கவனம் வேண்டும். டியூட்டி டாக்டர் கேட்கும்போது மாமியாரோ கணவரோ பக்கத்தில் நின்றால் பெரும்பாலும் "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றுதான் வாயில் வரும். அது அப்படியே ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் ஏறிவிடும். இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் அந்த ஒரு வரியை வைத்தே வழக்கை உடைப்பார்கள். யார், எதால், எங்கே, எத்தனை மணிக்கு என்று சொல்லி, ஏ.ஆர். நகலையும் கேட்டு வாங்குங்கள். விழுந்ததாக ஏற்கெனவே சொல்லியிருந்தால் மனுவிலேயே அதை ஒப்புக்கொண்டு, யார் பக்கத்தில் நின்றார்கள் என்று எழுதிவிடுவது நல்லது.

மனுவை 12ஆம் பிரிவில் போட வேண்டும். உங்கள் வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருந்தாலும் உங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம், மாப்பிள்ளை ஊருக்கு அலைய வேண்டாம். மூன்று நாளில் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அறுபது நாளில் சம்மன் சேர்ந்தாலே பெரிது. அதனால் 23ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவு மனுவையும் பிரமாணப் பத்திரத்தோடு அன்றே சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே உத்தரவு போட அதில் இடமுண்டு. ஜீவனாம்சம் கேட்கும்போது தங்கையின் சம்பளத்தை மறைக்க வேண்டாம். இரு தரப்பும் சொத்து, வருமான விவரம் தாக்கல் செய்தாக வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலையில் இருப்பதாலேயே அது மறுக்கப்படாது, மறைத்தால்தான் நம்பிக்கை போகும். வக்கீலுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்ணுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்க மாட்டார்கள்.

வெளியே வரும்போது எடுக்க வேண்டியவை: ஆதார், பான், பாஸ்புக், சான்றிதழ்கள், பையனின் பிறப்புச் சான்றிதழ், கல்யாண ஆல்பத்தில் நகை தெரியும் நான்கைந்து படம், நகைக்கடை பில். நகை அடகில் இருந்தால் அடகுச் சீட்டையாவது படம் எடுத்துக்கொள்ளட்டும், சீர் நகையைத் திருப்பித் தர உத்தரவு கேட்க அது வேண்டும். சம்பளக் கணக்கை மாற்றுவது, வங்கியில் பதிந்த போன் நம்பரை மாற்றுவது இரண்டையும் வெளியே வந்த பிறகு செய்யட்டும். அந்த வீட்டில் இருந்துகொண்டே செய்தால், பணம் வராத முதல் மாதம் தங்கைக்கு மிக ஆபத்தான மாதமாகிவிடும்.

படிப்பும் வேலையும் இருந்தும் ஏன் என்று கேட்டீர்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பினா அகர்வாலும் செய்த ஆய்வு ஒன்று 2005இல் வெளிவந்தது. தன் பெயரில் நிலமோ வீடோ இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடிவாங்கியிருந்தார்கள். இரண்டும் உள்ளவர்களில் 7 சதவீதம். படிப்பில் கேரளம் எங்கே நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். சம்பளத்தைக் கார்டோடு பிடுங்கிவிடலாம். ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் படுக்க ஓர் இடம் அவளுக்கு இருக்கிறது என்று தெரிந்தால் ஓங்கிய கை யோசிக்கும். அதனால் "வந்துடச் சொல்லு" என்கிற அப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: வந்தால் கதவுள்ள ஓர் அறையா, கூடத்தில் ஒரு பாயா? உங்களுடையது இந்துக் குடும்பமாக இருந்து, வீடு பூர்வீகமானது என்றால் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989லேயே வந்த சட்டம் அது, 2005இல் நாடு முழுவதற்கும் ஆனது. சுயசம்பாத்தியம் என்றால் அப்பா மனம் வைத்து எழுத வேண்டும். சீர் செய்து அனுப்பியாகிவிட்டது என்ற கணக்கு அந்தப் பேச்சில் கட்டாயம் வரும்.

கடைசியாக, தங்கையே போய்ப் புகார் கொடுக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு அலுவலருக்கு யார் வேண்டுமானாலும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தந்தால் உங்கள் மேல் வழக்கு வராது என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. 181 இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் பெண்கள் உதவி எண். உங்கள் போனிலிருந்து கூப்பிடுங்கள். கார்டைக் கையில் வைத்திருப்பவர் தங்கையின் போனையும் பார்க்கிறவராகத்தான் இருப்பார்.