எழுத்து எறும்பு மாதிரி தெரியுது, பெரிய டேப்லெட் வாங்கலாமா?

கேள்வி: அக்கா, நாங்க அஞ்சு பேர் வாரா வாரம் உக்காந்து டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுறோம், அதாவது ஆளுக்கு ஒரு கேரக்டரா டைஸ் உருட்டி கதையை நகத்துற ஆட்டம், அதை நடத்துற கேம் மாஸ்டர் நான்தான். ரூல்புக் எல்லாத்தையும் பிடிஎஃப்பா வாங்கி 10 இன்ச் டேப்லெட்ல போட்டு வெச்சிருக்கேன். முழுப் பக்கத்தையும் வெச்சா எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, பெருசாக்கினா ரெண்டு பத்திக்கு நடுவுல இங்கிட்டும் அங்கிட்டும் இழுத்துக்கிட்டே கெடக்கேன். பேசாம பெரிய டேப்லெட் ஒண்ணு வாங்கிடவா?

பதில்: கொஞ்சம் பொறுங்க தம்பி, வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாத்துருவோம். ரூல்புக்குல நெறைய லெட்டர் சைஸ்ல வர்றது, அதாவது 8.5 இன்ச் அகலம், 11 இன்ச் உயரம், மூலைக்கு மூலை அளந்தா கிட்டத்தட்ட 14 இன்ச். உங்க டேப்லெட் திரையோட நீளமும் அகலமும் 16:10 விகிதமா இருந்தா அதோட அகலம் வெறும் 5.3 இன்ச்தான் வரும். அப்ப பக்கம் 62 சதவீதமா சுருங்குது, புக்குல 9 பாயிண்ட்ல இருக்கற எழுத்து உங்க கண்ணுக்கு அஞ்சரை பாயிண்ட்டாத்தான் வந்து சேருது. மாத்திரை அட்டைக்குப் பின்னாடி இருக்குமே பொடி எழுத்து, அந்தக் கதைதான். உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு.

டேப்லெட் விக்கிறவங்க எப்பவும் மூலைக்கு மூலை அளவைத்தான் சொல்லுவாங்க, ஆனா படிக்கிறவங்களுக்கு வேண்டியது அகலம். 4:3 விகிதத்துல இருக்கற திரை ரூல்புக் பக்கத்தோட வடிவத்துக்கு ரொம்ப ஒட்டி வரும், அதனால 9.7 இன்ச் 4:3 டேப்லெட்டும் 11 இன்ச் 16:10 டேப்லெட்டும் லெட்டர் பக்கத்தை ஏறக்குறைய ஒரே சைஸ்லதான் காட்டும், ரெண்டுலயும் 68 சதவீதம் சொச்சம். 12.9 இன்ச் 4:3 எடுத்தீங்கன்னா 91 சதவீதம், அது புக்கையே கையில வெச்சிருக்கற மாதிரி. வாராவாரம் ஆட்டம் நடத்துறவருக்கு அந்தச் செலவு தகும்னு நான் மனசாரச் சொல்லுவேன். ஆடுறவங்களுக்கு அது தேவையே இல்ல, அவங்க கேரக்டர் சம்பந்தப்பட்ட நாலஞ்சு பக்கம் தெரிஞ்சா போதும்.

ஆனா முதல்ல கையில இருக்கறத ஒழுங்கா பயன்படுத்திப் பாருங்க. டேப்லெட்டை லேண்ட்ஸ்கேப்பா திருப்பினா அகலம் எட்டரை இன்ச்கிட்ட வந்துரும், பக்கம் ஏறத்தாழ அச்சுல இருக்கற அதே அளவுல தெரியும், என்ன, ஒரு நேரத்துக்கு பாதிப் பக்கம்தான், இடது பத்தி கீழ வரைக்கும் போயிட்டு வலது பத்திக்கு மறுபடி மேல வரணும். அது கடுப்பா இருந்தா ஆப்ல மார்ஜினை க்ராப் பண்ற வசதி இருக்கான்னு பாருங்க. சுத்தி அரை இன்ச் வெள்ளையை வெட்டினாலே 62 சதவீதம் 71 ஆயிடும். அப்புறம், சின்ன கேம்கள் நெறைய ஏ5 சைஸ்ல வருது, அதெல்லாம் உங்க 10 இன்ச்லயே ஜம்முனு உக்காரும்.

கேள்வி: சண்டை நடந்துட்டிருக்கும்போது ஒருத்தர் ரூல் கேட்டா நான் தேடி எடுக்கறதுக்குள்ள ரெண்டு மூணு நிமிஷம் ஓடிருது, எல்லாரும் போனை எடுத்துடுறாங்க. தேடுறதுக்குத்தான டேப்லெட்டே?

பதில்: இல்லங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். நானும் ஏமாந்தேன். ஒரு செஷன்ல ஒருத்தருக்கு விஷம் ஏறிடுச்சு, என்ன ஆகும்னு கேட்டாங்க, நான் 'பாய்சன்'னு தேடினேன். முதல்ல பொருளடக்கம், அப்புறம் ஏதோ ஒரு கிளாஸோட, அதாவது கேரக்டர் வகையோட, திறமை, அப்புறம் வரிசையா மந்திரங்கள், கடைல விக்கிற விஷ பாட்டில், அதுக்கப்புறம் பாம்பு, சிலந்தி, தேள். எனக்கு வேண்டிய அந்த ரெண்டே வரி விளக்கம் புக்கோட கடைசி பின்னிணைப்புல இருந்துச்சு. அதுக்குள்ள அந்த பயமெல்லாம் ஆறிப்போச்சு, எனக்கு அன்னைக்கு ராத்திரி பூரா மனசு சரியில்ல.

அதுக்கப்புறம் ஆட்டத்துக்கு நடுவுல தேடவே மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். முந்தின நாளே உக்காந்து அன்னைக்கு வரப்போற அரக்கர்களோட ஸ்டாட் பிளாக் (பலம், உயிர் மாதிரி எண்கள் இருக்கற கட்டம்), கண்டிஷன் பட்டியல் (விஷம் ஏறினா என்ன ஆகும்ங்கற மாதிரி நிலைமைகள்), சண்டையில அடிக்கடி சந்தேகம் வர்ற பக்கம், மேப், இதெல்லாம் சேத்து ஏழெட்டு பக்கத்துல ஒரு தனி பிடிஎஃப் பண்ணிடுறேன். ஆட்டத்துல அதுதான் திறந்திருக்கும், பெரிய புக்கு அதே ஆப்ல பக்கத்து டேப்ல சும்மா காத்துக்கிட்டு இருக்கும். புக்குலயே வர்ற புக்மார்க் போக நம்ம சொந்தமா பத்து பன்னெண்டு போட்டுக்கணும், அதுக்கு மேல போட்டா அதையே தேட வேண்டி வரும். இன்னொண்ணு, அட்டையெல்லாம் சேத்து எண்றதால புக்குல 189னு அச்சடிச்ச பக்கம் ஆப்ல 191ஆவோ 192ஆவோ இருக்கலாம், உங்க புக்குல அந்த வித்தியாசம் எத்தனைன்னு ஒரு தடவை பாத்து மனசுல வெச்சுக்கிட்டா இண்டெக்ஸ் பாத்து நேரா குதிச்சிரலாம்.

ஸ்கிரீன் தானா அணையற நேரத்தை நீட்டி வைங்க, ஃபைலை முன்னாடியே டவுன்லோட் பண்ணிடுங்க, நெட்டை நம்பாதீங்க. டேப்லெட்டை நிமித்தி வெக்காம படுக்கப் போடுங்க, உங்க முகம் அவங்களுக்குத் தெரியணும். மெட்டல் டைஸ் வெச்சிருக்கறவர் பக்கத்துல மட்டும் வெக்காதீங்க.

கேள்வி: சில புக்கு ஒவ்வொரு பக்கமும் திணறித் திணறித்தான் வருது, டேப்லெட் பழசாயிடுச்சா?

பதில்: பழசும் ஒரு காரணமா இருக்கலாம், ஆனா அந்தப் பக்கத்தை உத்துப் பாருங்க. பின்னாடி பழைய தோல்காகிதம் மாதிரி ஒரு படம், அது மேல ஓரத்துல பூவேலை, அது மேல நிழலோட ஒரு டிராகன், எல்லாத்துக்கும் மேலதான் எழுத்து. பக்கம் புரட்டுற ஒவ்வொரு தடவையும் டேப்லெட் இத்தனையையும் அடுக்கி வரையணும். வாங்கின இடத்துலயே பிரிண்டர் ஃப்ரெண்ட்லின்னு படம் குறைச்ச ஃபைல் ஒண்ணு சேத்து குடுத்திருக்காங்களான்னு பாருங்க, பலர் அதைக் கவனிக்கறதே இல்ல. சில புக்குல பின்னணி தனி லேயரா இருக்கும், டேப்லெட் ஆப் பலதுல அதை அணைக்க வழி கிடையாது, கம்ப்யூட்டர்ல அணைச்சுட்டு புதுசா ஒரு பிடிஎஃப்பா பிரிண்ட் பண்ணி மாத்திக்கணும். ஒரு தடவை வேலை, அப்புறம் நிம்மதி.

இன்னொருத்தரோட கேள்வி: என்கிட்ட 8 இன்ச் டேப்லெட்தான் இருக்கு, புக்கு வாங்கவும் இப்போதைக்கு காசு இல்ல. ஃப்ரெண்டோட ஃபைலை வாங்கிக்கலாமா?

பதில்: வேணாம்மா. டிரைவ்த்ரூஆர்பிஜி மாதிரி கேம் புக்கு விக்கிற தளத்துல வாங்குற பிடிஎஃப் பலதுல வாங்கினவர் பேரே பக்கத்துல பதிஞ்சு வரும், அவங்களுக்குத்தான் சங்கடம், எழுதினவங்களுக்கும் நஷ்டம். காசில்லாம ஆரம்பிக்க நேர்மையான வழியே இருக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற கேமோட அடிப்படை ரூல் தொகுப்பு, எஸ்ஆர்டி 5.1, 2023 ஜனவரியிலேருந்து கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கற பொது உரிமத்துல இலவசமாக் கெடைக்குது. பாத்ஃபைண்டர்ங்கற இன்னொரு கேம்னா ஆர்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ்ங்கற தளத்துல ரூல் எல்லாம் முறையான அனுமதியோட இருக்கு, அது வெப் பக்கம்ங்கறதால எழுத்தை எவ்வளவு பெருசாக்கினாலும் வரி தானா மடங்கி உங்க 8 இன்ச்சுக்குள்ள வந்துரும், இழுக்கவே வேண்டாம். அங்கேருந்தே ஆரம்பிங்க.