பதில்: குதிரை வயிற்றைத் திரும்பிப் பார்த்துப் படுத்துப் புரளுகிறது

நண்பரே, உங்கள் குதிரைக்கு மாதத்தில் இரண்டு முறை வயிற்றுவலி, காலையில் ஒரே வேளையாக 4 கிலோ கொள்ளும் தவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அந்த ஒரே வேளையின் மேல்தான். குதிரைக்கு இரைப்பை சிறியது. மாடு மாதிரி அசைபோடாது, வாந்தியும் எடுக்க வராது. கொள்ளை ஊறவைத்து வேகவைத்து, மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அளவையும் மெல்ல மெல்லக் குறையுங்கள். 350 கிலோ குதிரைக்கு நாளுக்கு 5, 6 கிலோ உலர்ந்த புல்லாவது வேண்டும்.

அப்புறம், தீவனத்தை வெறுந்தரையில் போடுகிறீர்களா? அதோடு மணலும் வயிற்றுக்குள் போய்விடும். ஒரு கைப்பிடி குதிரைச் சாணத்தைக் கண்ணாடி பாட்டில் தண்ணீரில் கரைத்து வையுங்கள். அடியில் மணல் தங்கினால் அதுவும் ஒரு காரணம்.

மறுபடி புரண்டால் தீனியை நிறுத்தி உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். விளக்கெண்ணெயை வாயில் ஊற்றிவிடாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடலாம்.