சீனப் பேரரசர்கள் எல்லையில் குடியமர்த்திய படைவீரர்கள் பழங்குடிகளோடு சண்டை மட்டும்தான் போட்டார்களா, கலந்தும் வாழ்ந்தார்களா?

இரண்டும் நடந்தது. சீனா முழுவதற்கும் ஒரே பதில் சொல்ல முடியாது என்பதால், நான் விரும்பிப் படித்துவரும், தென்மேற்குச் சீனாவிலுள்ள குய்சோ மாகாணத்தை வைத்துச் சொல்கிறேன்.

1381இல் மிங் பேரரசர் ஹோங்வு, குய்சோவுக்கு மேற்கே உள்ள யுன்னானில் எஞ்சியிருந்த மங்கோலிய ஆட்சியை முடிக்க சுமார் 3 லட்சம் பேர் கொண்ட படையை அனுப்பினார். யுன்னானுக்கு வழி குய்சோ மலைகளுக்குள்ளே போகிறது. அந்த வழி கையில் இல்லாவிட்டால் பிடித்த நாடு நிலைக்காது. அதனால் போர் முடிந்த பிறகும் ஏராளமான சிப்பாய்களை ஊருக்கு அனுப்பாமல் வழிநெடுகக் குடியமர்த்தினார்கள். ஒரு காவற்படைக்கு 5,600 பேர். எல்லைப்புறத்தில் பத்தில் மூன்று பேர் காவலுக்கு, ஏழு பேர் உழவுக்கு. அப்பா சிப்பாய் என்றால் மகனும் சிப்பாய்தான், விலக வழியில்லை.

குய்சோ சுண்ணாம்புப் பாறை மலைநாடு. நெல் விளையும் தட்டையான நிலம் கொஞ்சம்தான். அந்த நல்ல நிலத்தில்தான் முகாம்கள் எழுந்தன. அங்கே முன்பே பயிர் செய்துவந்த மியாவ், பூயி மக்கள் பல இடங்களில் மேட்டுக்குத் தள்ளப்பட்டார்கள். அரசவைக் குறிப்புகள் 'கலகம்' என்று எழுதிவைத்த பலவற்றுக்கும் அடியில் இருந்தது இந்த நிலப் பறிப்புதான் என்பது என் கருத்து.

ஆனால் பழங்குடித் தலைவர்கள் வெறுமனே அடிபட்டுக்கொண்டு இருக்கவில்லை. யி இனத் தலைவி ஷெ சியாங்கைப் பாருங்கள். மா யே என்ற மிங் தளபதி அவரை ஆடை களைந்து சவுக்கால் அடித்தான். அவர் ஆட்கள் ஆயுதம் எடுக்கட்டும், அதைச் சாக்காக வைத்து நிலத்தைப் பிடிக்கலாம் என்பது அவன் திட்டம். ஷெ சியாங் தன் மக்களை அடக்கிவைத்துவிட்டு, நேரே அன்றைய தலைநகர் நாஞ்சிங் போய்ப் பேரரசரிடம் முறையிட்டார். மா யே தண்டிக்கப்பட்டான். பதிலுக்கு அவர் மலைகளின் ஊடே பாதை வெட்டி, ஒன்பது அஞ்சல் நிலையங்கள் அமைத்துக் கொடுத்தார். பேரரசின் படை நடந்த பாதையில் ஒரு பகுதி இப்படி யி மக்களின் உழைப்பில் வந்தது. அப்புறம் 1622இல் அதே யி நாட்டின் படைகள் குய்யாங் நகரை ஏறக்குறைய பத்து மாதம் முற்றுகையிட்டன. உள்ளே மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். ஒப்பந்தங்களுக்கு அவ்வளவுதான் ஆயுள்.

சரி, அந்தச் சிப்பாய்களின் சந்ததி என்ன ஆனது? அன்ஷுன் நகரைச் சுற்றி அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். துன்பூ மக்கள் என்பார்கள். கல் சுவர், பலகைக்கல் கூரை, இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய சந்துகள், சுவரில் சுடுவதற்கான துளைகள். புத்தாண்டில் மேடையில்லாமல் வெறும் தரையில் கூத்து ஆடுகிறார்கள். ஆடுபவர் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடி, மர முகமூடியை நெற்றியில் ஏற்றிக் கட்டிக்கொள்வார். கதைகள் எல்லாம் போர்க்கதைகள். பெண்கள் நீல நிற நீள் அங்கி அணிவார்கள், பாதங்களைக் கட்டிக் குறுக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. மியாவ், பூயி மக்களோடு சந்தையில் பழகினாலும், பெண் கொடுத்து எடுப்பதைப் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள்.

பின்னாளில் குடியேறிய ஹான் மக்கள், அதாவது சீனாவின் பெரும்பான்மை இனத்தார், பெண்களின் இந்த உடையையும் கொண்டையையும் பார்த்து, இவர்களையே மியாவ்களில் ஒரு பிரிவு என்று நினைத்தார்கள். 1902இல் அங்கு வந்த ஜப்பானிய மானுடவியலாளர் டோரி ரியூசோதான், இவர்கள் மிங் சிப்பாய்களின் வழிவந்தவர்கள் என்று எழுதினார். நாட்டைப் பிடிக்க அனுப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளே அந்நாட்டின் பழங்குடியாகப் பார்க்கப்பட்டதால்தான், இருதரப்பையும் பிரித்து எழுதும் வரலாறுகளை நான் முழுதாக நம்புவதில்லை.