மைக்கை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள்

வீட்டிலேயே கிட்டார் பதிவு செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை ‘எந்த மைக் வாங்கலாம்?’ என்றுதான் தொடங்கின. நான் பதினெட்டு வருடங்களாக கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். என் மாணவர்கள் வாசிப்பதை என் படுக்கையறையில் வைத்துத்தான் பதிவு செய்கிறேன். அங்கே கற்றுக்கொண்டதை வைத்தே இந்தப் பதில்கள்.

அண்ணா, இரண்டு வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். ஒரே ஒரு மைக் வாங்கப் பணம் சேர்த்திருக்கிறேன். கண்டென்சர்தான் வேண்டும் என்கிறாள் தோழி. டைனமிக் வாங்கினால் ஃபேன் சத்தமே வராது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது? (கல்லூரி மாணவி)

உங்கள் தோழி சொல்வதைக் கேளுங்கள். ஆனால் காரணத்தையும் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

டைனமிக் மைக்கில் சவ்வோடு ஒட்டிய ஒரு கம்பிச் சுருள் காந்தத்துக்கு நடுவே அசைந்து மின்சாரம் உண்டாக்குகிறது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அந்தச் சுருளையும் சேர்த்து அசைக்க வேண்டும். அதனால் நகம் கம்பியைத் தொடும்போது எழுகிற மெல்லிய உச்ச ஒலிகளை அது முழுதாகப் பிடிப்பதில்லை. கண்டென்சரில் மிக மெல்லிய சவ்வும் அதன் பின்னால் ஒரு தகடும் மட்டுமே உண்டு. சவ்வு இலேசாக இருப்பதால் அந்த நுணுக்கம் கிடைக்கிறது. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸில் இருக்கும் 48 வோல்ட் பொத்தான் அதற்குத்தான், அதையே பேன்டம் பவர் என்கிறோம்.

டைனமிக்கில் ஃபேன் சத்தம் வராது என்பது பாதி உண்மைதான். பாடகர்கள் டைனமிக் மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறார்கள். குரல் பெரிதாகப் பதிவாவதால் மற்ற சத்தம் சின்னதாகிவிடுகிறது. அதே மைக்கை ஒன்றரை அடி தள்ளி வைத்து, விரலால் மெதுவாக வாசிக்கும் கிட்டாரைப் பதிவு செய்து பாருங்கள். ஒலி போதாமல், மைக்கின் ஒலியைப் பெருக்கும் கெயினைத் திருகிக்கொண்டே போவீர்கள். ஃபேனும் வரும், கூடவே இன்டர்ஃபேஸின் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் வரும். பதிவு செய்யும் ஐந்து நிமிடம் ஃபேனை நிறுத்திவைப்பதே இதற்கு நல்ல வழி.

ஆகவே கிட்டார் மட்டும் என்றால், பென்சில் போல ஒல்லியாக இருக்கும் சிறிய சவ்வு கண்டென்சர் வாங்குங்கள். நாளைக்குப் பாடவும் செய்வேன் என்றால் பெரிய சவ்வு கண்டென்சர். எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலிபெருக்கிப் பெட்டியான ஆம்ப் முன்னால் வைக்க என்றால் டைனமிக். 1965ல் வந்த ஷூர் எஸ்எம்57 என்ற டைனமிக் மைக் இன்றும் ஆம்ப் முன்னால் நிற்கிறது என்றால், அந்த வேலைக்கு அது அவ்வளவு பொருந்தியிருக்கிறது.

வாங்கிய பிறகு நீங்கள் செய்யப்போகிற முதல் காரியத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மைக்கை நேராக கிட்டாரின் வட்டத் துளைக்கு முன்னால் வைப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறோம், ஒலி அங்கிருந்துதானே வருகிறது என்று நினைக்கிறோம். நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் வைத்தேன். பதிவு முழுக்கக் குடத்துக்குள் பேசுவது போல ‘கும்’ என்று இருந்தது. மைக் சரியில்லை என்று அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கினேன். அதிலும் அதே ‘கும்’. ஒரு நாள் மாணவன் ஒருவன் சுவர்ப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்து வாசித்தான். மைக் அவன் கிட்டாரின் கழுத்தும் உடலும் சேரும் இடத்தைப் பார்த்து நின்றது. நான் தேடிக்கொண்டிருந்த ஒலி அன்றைக்குத்தான் கிடைத்தது. விற்ற மைக்கை நினைத்து இன்றும் வருத்தம் உண்டு. அதன் மேல் ஒரு தவறும் இல்லை.

நடப்பது இதுதான். கிட்டாரின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுக்கென்று ஒரு சுரம் உண்டு. பெரிய உடல் கொண்ட கிட்டாரில் அது சுமார் 100 ஹெர்ட்ஸ். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃபிரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) அழுத்தினால் வரும் ஜி சுரம் 98 ஹெர்ட்ஸ். அதை மீட்டும்போது உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து துளை வழியாக அடிக்கிறது. போதாததற்கு, ஒரு திசை ஒலியை மட்டும் எடுக்கும் மைக்குகளுக்கு அருகில் போகப் போகக் கீழ் ஒலிகள் தானாகவே பெருகும். இரண்டும் சேர்ந்துதான் அந்தக் குடம்.

பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு நேராக, ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் தள்ளி மைக்கை நிறுத்துங்கள். மைக்கின் முகத்தைக் கொஞ்சம் கிட்டாரின் உடல் பக்கம் திருப்புங்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டு, மைக்கை இரண்டு விரல் அகலம் இப்படியும் அப்படியும் நகர்த்திப் பாருங்கள். ஒலி மெலிந்தால் துளைப் பக்கம் கொஞ்சம் வாருங்கள், ‘கும்’ என்றால் கழுத்துப் பக்கம் போங்கள். அரை மணி நேரம் இதற்கென்றே ஒதுக்குங்கள். நல்ல இடம் கிடைத்ததும் தரையில் டேப் ஒட்டி, நாற்காலிக் கால்களையும் ஸ்டாண்ட் கால்களையும் குறித்து வையுங்கள்.

யுஎஸ்பி மைக் வாங்கிவிட்டேன். இப்போது எல்லோரும் இன்டர்ஃபேஸ்தான் வேண்டும் என்கிறார்கள். தப்பு செய்துவிட்டேனா?

இல்லை. அதுவும் பெரும்பாலும் கண்டென்சர்தான், இன்டர்ஃபேஸ் அதன் உள்ளேயே இருக்கிறது. மைக்கிலேயே ஹெட்போன் துளை இருந்தால் அதில் மாட்டிக் கேளுங்கள், வாசிப்பதற்கும் கேட்பதற்கும் நடுவில் தாமதம் இருக்காது. ஒரு வருடம் தாராளமாக இதில் ஓட்டலாம். இன்னொரு மைக் சேர்க்க ஆசை வரும்போது மட்டும் இன்னொரு யுஎஸ்பி மைக் வாங்காதீர்கள். இரண்டும் தனித்தனிக் கடிகாரத்தில் ஓடுபவை. நீளமான பதிவில் மெல்ல மெல்ல ஒன்றை விட்டு ஒன்று விலகும். இன்டர்ஃபேஸ் வாங்க வேண்டிய நேரம் அதுதான்.

தம்பி, பணி ஓய்வு பெற்ற பிறகு கிட்டார் பழகுகிறேன். கம்பி மாற்றலாம் என்று பார்த்தால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பாஸ்பர் பிரான்ஸ், 80/20, கோட்டட் என்று அடுக்குகிறார்கள். பதிவுக்கு எது நல்லது? என் விரல்களுக்கும் வலிக்கக் கூடாது. (அறுபத்து மூன்று வயது வாசகர்)

ஐயா, இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம். மைக்குக்குச் செலவழிப்பதில் ஒரு சிறு பங்கைக் கம்பிக்குச் செலவழித்தாலே பதிவு மாறிவிடும்.

முதலில் உங்கள் கிட்டார் எது என்று பாருங்கள். கீழே மூன்று கம்பிகள் நைலானாக இருந்தால் அது கிளாசிக்கல் கிட்டார். அதற்கு உலோகக் கம்பி மாட்டவே கூடாது. பன்னிரண்டு அளவு உலோகக் கம்பிகள் ஆறும் சேர்ந்து எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கின்றன, நைலான் செட் இழுப்பது ஏறக்குறைய அதில் பாதி. உடலில் கம்பிகளைக் கட்டியிருக்கும் பிரிட்ஜ் பிய்ந்து வந்துவிடும்.

உலோகக் கம்பி கிட்டார் என்றால், பத்து, பதினொன்று என்பது முதல் கம்பியின் தடிமன். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் எத்தனை பங்கு என்று கணக்கு. உங்கள் விரல்களுக்குப் பதினொன்று போதும். பன்னிரண்டில் ஒலி கனமாக இருக்கும், ஆனால் வலியோடு வாசிப்பவரின் தயக்கம் பதிவில் தெளிவாகக் கேட்கும். அதைவிடக் கனம் குறைந்த ஒலி எவ்வளவோ மேல்.

80/20 என்பது 80 பங்கு செம்பும் 20 பங்கு துத்தநாகமும். பளிச்சென்று ஒலிக்கும், சீக்கிரம் மங்கும். பாஸ்பர் பிரான்ஸில் செம்போடு வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும். கொஞ்சம் கதகதப்பான ஒலி, அந்தப் பளிச்சும் நாள்பட நிற்கும். இடது கை நகரும்போது வரும் ‘கீச்’ சத்தம் தொந்தரவாக இருந்தால் மேல்பூச்சு உள்ள கோட்டட் கம்பி எடுங்கள், அது வழவழப்பாக இருப்பதால் கீச் குறையும்.

மாற்றும் நாளும் முக்கியம். பதிவுக்கு அரை மணி முன்னால் புதுக் கம்பி மாட்டினால் ஒவ்வொரு டேக்கிலும் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். முந்தைய நாள் மாட்டி, ஒவ்வொரு கம்பியையும் மெதுவாக இழுத்துவிட்டு, மறுபடி சுருதி சேர்த்து, ஒரு மணி நேரம் வாசித்துவிடுங்கள். மாதக்கணக்கில் மாற்றாத கம்பியில் ஃபிரெட் படும் இடமெல்லாம் பள்ளம் விழுந்திருக்கும், வியர்வை ஏறியிருக்கும். அப்புறம் எந்த டியூனரை வைத்துச் சேர்த்தாலும் மேல் ஃபிரெட்டுகளில் சுருதி ஒட்டாது.

கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போவைப் போடாமல் வாசித்தால் சுருதி சரியாக இருக்கிறது. போட்டால் பதிவில் அபஸ்வரமாகக் கேட்கிறது. வேறு கேப்போ வாங்க வேண்டுமா?

எங்கே போடுகிறீர்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ஃபிரெட்டை ஒட்டி, அதன் பின்னால், கிட்டாரின் தலைப் பக்கமாக வையுங்கள். இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் வைத்தால் கம்பி கீழே வளைந்து சுருதி ஏறும். ஃபிரெட்டின் மேலேயே வைத்தால் ஒலி மூடிக்கொள்ளும். பக்கவாட்டிலும் கம்பிகளை இழுக்காமல் நேராக வையுங்கள். ஸ்பிரிங் கேப்போவுக்கு ஒரே அழுத்தம்தான், மெல்லிய கம்பிகளுக்கு அது சில சமயம் அதிகம். திருகு வைத்த கேப்போவில் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் இறுக்கலாம். பதிவுக்கு நான் அதையே வைத்திருக்கிறேன். எதைப் போட்டாலும், போட்ட பிறகு ஒரு முறை டியூனரைப் பாருங்கள்.

பாடிக்கொண்டே வாசிக்கிறேன். இரண்டு மைக் வைத்தேன், ஒன்று குரலுக்கு, ஒன்று கிட்டாருக்கு. தனித்தனியாகக் கேட்டால் நன்றாக இருக்கிறது. சேர்த்துக் கேட்டால் தகர டப்பாவுக்குள் பாடுவது போல இருக்கிறது. மைக்கில் குறையா?

மைக்குகள் நன்றாகவே இருக்கின்றன. உங்கள் குரல் இரண்டு மைக்குக்கும் போகிறது, ஆனால் ஒரே நேரத்தில் போவதில்லை. ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். கிட்டார் மைக்கை உங்கள் குரல் ஒன்றரை மில்லிசெகண்ட் தாமதமாகத் தொட்டால், இரண்டையும் சேர்க்கும்போது சில ஒலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகின்றன. அதுதான் அந்தத் தகரம்.

பழைய விதி ஒன்று உண்டு. மைக்கிலிருந்து அது எடுக்க வேண்டிய ஒலி எவ்வளவு தூரமோ, அதைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தூரம் இரண்டு மைக்குக்கும் இடையில் இருக்க வேண்டும். உட்கார்ந்து வாசிக்கும்போது மைக்குகள் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன என்றால், ஒவ்வொன்றும் வாயிலிருந்தும் கிட்டாரிலிருந்தும் 20 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். முன்னும் பின்னும் மட்டும் எட்டு வடிவில் ஒலி எடுக்கும் வசதி உங்கள் மைக்கில் இருந்தால் இன்னும் நல்லது. அதன் பக்கவாட்டுக்குக் காதே கிடையாது. குரல் மைக்கின் பக்கவாட்டை கிட்டார் பக்கம் திருப்பிவிடுங்கள்.

ஆனாலும் ஒரு மைக்கை எடுத்துவிட்டுப் பாருங்களேன். ஒற்றை மைக்கை நெஞ்சு உயரத்தில், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல் தள்ளி வைத்துப் பாடுங்கள். குரல் பெரிதாகக் கேட்டால் மைக்கை இறக்குங்கள், கிட்டார் பெரிதாகக் கேட்டால் ஏற்றுங்கள். குரலையும் கிட்டாரையும் பிறகு தனித்தனியாகத் திருத்த முடியாது என்பது உண்மைதான். என் மாணவர்களின் பதிவுகளில் உயிரோட்டம் உள்ளவை பல இப்படி ஒரே மைக்கில் எடுத்தவை.

சுவரெல்லாம் ஒட்ட ஃபோம் ஷீட் வாங்கலாமா?

மெல்லிய ஃபோம் உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கும். அறையின் ‘கும்’ அப்படியே இருக்கும். அதற்குப் பதில் மெத்தை, தடித்த போர்வை, துணி நிறைந்த திறந்த அலமாரி உள்ள அறையில் உட்காருங்கள். மூலையிலும் சுவரை ஒட்டியும் உட்காராதீர்கள்.

பாப் ஃபில்டர், ஷாக் மவுண்ட், ஸ்டாண்ட், மூன்றில் எது முதலில்?

ஸ்டாண்ட். கனமான அடியும் நீளமான கையும் உள்ளதாகப் பாருங்கள். தானாக மெதுவாகத் தொங்கிப்போகும் ஸ்டாண்டை வைத்துக்கொண்டு மைக் இடம் தேடவே முடியாது. வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் அடிக்காமல் தடுக்கும் பாப் ஃபில்டர் குரலுக்கு மட்டும். அதிர்வு மைக்குக்கு ஏறாமல் தாங்கும் ஷாக் மவுண்ட் பிறகு பார்க்கலாம், காலால் தாளம் போடுபவர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலுக்குக் கீழே மடித்த போர்வை போடுங்கள். கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள், சட்டைப் பொத்தான் கிட்டார் முதுகில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

எலக்ட்ரிக் கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் சொருகுகிறேன். ஒலி மந்தமாக இருக்கிறது, கூடவே ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். கேபிள் மாற்றினேன், போகவில்லை.

இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். மந்தத்துக்குக் காரணம், பெரும்பாலும் நீங்கள் கீபோர்டு போன்ற கருவிகளுக்கான லைன் இன்புட்டில் சொருகியிருப்பது. இன்டர்ஃபேஸில் கிட்டார் படமோ ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்ற பொத்தானோ இருக்கும். அதை அழுத்தினால் இன்புட்டின் தடை சுமார் 10 லட்சம் ஓம் ஆகும், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பின் உச்ச ஒலிகள் தப்பிக்கும்.

அந்த ‘ம்ம்ம்’ ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் சுற்றுமுற்றும் உள்ள மின்சாதனங்களின் காந்தப் புலத்தைப் பிடிப்பதால் வருவது. கிட்டாரோடு நாற்காலியில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், ஏதோ ஒரு திசையில் அது சட்டென்று அடங்கும். அந்தத் திசையிலேயே உட்கார்ந்து வாசியுங்கள். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் கெயின். நீங்கள் வாசிக்கப்போவதிலேயே பலமான இடத்தை வாசித்து, மீட்டர் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்யும்போது அதற்கு மேல் ஏற்றத் தேவையில்லை. இவ்வளவும் செய்த பிறகும் இரைச்சல் அடங்கவில்லை என்றால், கம்பியை விரலால் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் குறைந்தால் அது வழக்கமாக இருப்பதுதான். தொட்டால் கூடினால் உள்ளே கிரவுண்ட் ஒயர் விட்டிருக்கிறது, பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். சாலிடர் வைக்கும் சின்ன வேலைதான்.