சட்டத்தின் ஓட்டையா, சட்டத்தின் தீர்ப்பா?

கேள்வி: கொலை வழக்கில் பினாங்கு உயர் நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்த என் அண்ணனை, மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. வீட்டுக் கதவு திறந்தே இருந்தாலும், "போகலாமா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இன்றும் வாசலுக்குப் போகிறார். "ஓட்டையில் தப்பித்தவன்" என்கிறார்கள் உறவினர்கள். அவர் நிரபராதிதானா? இழந்த ஆண்டுகளுக்கு இழப்பீடு கிடைக்குமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் அண்ணன் நிரபராதிதான், சகோதரி. குற்றத்தை நியாயமான சந்தேகத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியது அரசு தரப்பின் கடமை. அது நிறைவேறாத இடத்தில் ஒருவரை விடுவிப்பதற்குப் பெயர் ஓட்டை அன்று, அதுவே சட்டம். 1995 முதல் மலேசியாவில் ஜூரி முறை இல்லை. கொலை வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரே நீதிபதிதான் விசாரித்துத் தீர்ப்பளிக்கிறார். சூழ்நிலைச் சாட்சியங்களின் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருப்பதையோ, எதிர்வாதம் உரியபடி ஆராயப்படாததையோ அவர் கவனிக்கத் தவறினால், புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து அதைத் திருத்துகிறார்கள். உறவினர்கள் மறுபடி பேசினால், தீர்ப்பின் நகலைக் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அரசு தரப்பும் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். மங்கோலியப் பெண் அல்தான்துயாவின் கொலை வழக்கில் 2013இல் விடுதலையான இரு போலீஸ்காரர்களை அந்த நீதிமன்றம் 2015இல் மீண்டும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. ஆகவே, அதற்கான கெடு முடிந்துவிட்டதா என்பதை வழக்கறிஞரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். முடிந்துவிட்டால், அதே குற்றத்துக்காக அவரை மீண்டும் விசாரிக்கக் கூட்டரசு அரசியலமைப்பின் 7ஆவது விதி இடம் தராது.

இழப்பீடு பற்றி எழுதும்போதுதான் மனம் கனக்கிறது. தவறான தண்டனையை அனுபவித்தவருக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று சொல்லும் சட்டம் பிரிட்டனில் 1988 முதல் இருக்கிறது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. இது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன். தீய நோக்கத்துடன் குற்றஞ்சாட்டினார்கள் என்று சிவில் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் தக்க காரணமும் இல்லை, உள்நோக்கமும் இருந்தது என்று இரண்டையும் நீங்களே நிரூபிக்க வேண்டும். விசாரணையில் நேர்ந்த வெறும் பிழை அதற்குப் போதாது. அரசு அதிகாரிகள் மீதான வழக்குக்கு 36 மாதக் கெடு உண்டு; அதில் ஐந்து மாதங்கள் போய்விட்டன. தீர்ப்பு நகலோடு இந்த மாதமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அண்ணனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.