குழாய் உறைந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள்: ஜப்பான் கிராமத்து வாழ்க்கை, கேள்வி பதில்

கேள்வி: நாகானோ மலைப்பக்கம் பழைய வாடகை வீடு. டிசம்பர் கடைசியில் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். குழாயில் இருக்கும் தண்ணீரை இறக்கிவிட்டுப் போங்கள் என்கிறார் வீட்டுக்காரர். எப்படி அண்ணா?

இதைச் செய்யாமல் கிளம்பவே கூடாது. வெளியே மைனஸ் 4 டிகிரிக்குக் கீழே போனாலே குழாய் உறைய ஆரம்பிக்கும். பனிக்கட்டி விரிந்து குழாயைப் பிளந்தாலும் அப்போது ஒன்றும் தெரியாது. உருகும்போதுதான் ஒழுகும், அதற்குள் தரைப்பலகை ஊறிப் போயிருக்கும்.

தண்ணீர் இறக்குவதை ‘மிசுநுகி’ என்பார்கள். அதற்கான வால்வு குளியலறைப் பக்கத் தரையிலோ, வெளியே மீட்டர் அருகிலோ இருக்கும். கைப்பிடியை வலப்பக்கம் கடைசிவரை திருகுங்கள். அதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். குழாய்களைத் திறந்து காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் கீழே இறங்கும். சமையலறை, முகம் கழுவும் தொட்டி, ஷவர் என எல்லாவற்றையும், வெந்நீர்ப் பக்கத்தையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்றை உறிஞ்சும் சத்தம் கேட்டால் சரியாக இறங்குகிறது என்று அர்த்தம். அடுத்து கழிவறைத் தொட்டியைக் காலி செய்து, கழிவறைக் கோப்பையில் உறையாத் திரவம் ஊற்றுங்கள் (வீட்டுச் சாமான், கருவிகள் விற்கும் ‘ஹோம் சென்டர்’ கடையில் கிடைக்கும்). வாஷிங் மெஷினைச் சில நொடி ஓடவிட்டால் அதன் குழாயில் நிற்பதும் வந்துவிடும்.

கெய்சரின் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், அதற்குள் உறையாமல் காக்கும் ஹீட்டர் இருக்கிறது. வெளிச்சுவரில் குழாயைச் சுற்றியிருக்கும் வயரின் பிளக்கும் அப்படித்தான். ‘கரண்ட் வீண்’ என்று அதைப் பிடுங்கிவிட்டுப் போய்த்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

திரும்பி வந்ததும் எல்லாக் குழாயையும் மூடி, ஒன்றை மட்டும் லேசாகத் திறந்து வைத்து, வால்வை மெதுவாக முழுக்கத் திறக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் தண்ணீர் மண்ணுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த பில் வரும்போதுதான் தெரியும்.

கேள்வி: ஏற்கெனவே உறைந்துவிட்டால்?

கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கும். குழாயைத் திறந்து வைத்து, துண்டைச் சுற்றி, கை பொறுக்கும் சூட்டில் (40 டிகிரி போதும்) தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். வாய்ப்பக்கம் ஆரம்பித்துச் சுவரை நோக்கிப் போனால், உருகியது வெளியேற வழி இருக்கும்.

கேள்வி: அகிதாவில் முதியோர் இல்ல வேலைக்கு வந்திருக்கிறேன் அண்ணா. அறையில் மண்ணெண்ணெய் ஃபேன் ஹீட்டர். போன வருட எண்ணெய் அரை கேன் மிச்சம். ஊற்றலாமா?

ஊற்றாதீங்க தம்பி. கோடை முழுக்க நின்ற மண்ணெண்ணெய் கெட்டுப்போகும். கண்ணாடி டம்ளரில் ஊற்றிப் பக்கத்தில் தண்ணீர் வைத்துப் பாருங்கள். நல்லது நிறமில்லாமல் இருக்கும், கெட்டது லேசாக மஞ்சளடிக்கும், புளிப்பு வாசம் வரும். அதை எரித்தால் உள்ளே கரி படியும், வெள்ளைப் புகை வரும், கடைசியில் எரர் காட்டி நின்றுவிடும். பழையதைப் பெட்ரோல் பங்கில் கேட்டு ஒப்படையுங்கள், வாய்க்காலில் கொட்டக் கூடாது.

18 லிட்டர் பிளாஸ்டிக் கேன்தான் எங்கும் வழக்கம், கிழக்கே சிவப்பு, மேற்கே நீலம். ஹீட்டரை அணைத்துவிட்டு நிரப்புங்கள். மணிக்கு ஒரு தடவை ஒன்றிரண்டு நிமிடம் ஜன்னலைத் திறங்கள். குளிருக்குப் பயந்து திறக்காமல் இருந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும், அதற்கு வாசமே கிடையாது.

கேள்வி: பழைய கெய் கார் (இங்கே ஓடும் குட்டிக் கார்) வாங்கியிருக்கிறேன். பங்கில் ‘கெய்யூ’ என்று எழுதியிருக்கிறதே, அதுதானே இதற்கு?

இல்லவே இல்லை! கெய்யூ என்றால் டீசல். காரின் பெயரிலும் எண்ணெயின் பெயரிலும் ஒரே எழுத்து வருவதால் ஜப்பானியர்களே ஏமாறுகிறார்கள். உங்கள் 660 சிசி இன்ஜினுக்குச் சாதாரண பெட்ரோல், அதாவது சிவப்புக் கைப்பிடி. மஞ்சள் உயர்ரக பெட்ரோல், பச்சை டீசல். தப்பாக ஊற்றிவிட்டால் ஸ்டார்ட் செய்யாமல் அங்கேயே ஊழியரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இந்திய லைசென்ஸ், சர்வதேசப் பர்மிட்டும் இருக்கிறது. எத்தனை நாள் ஓட்டலாம்?

ஜப்பானுக்குள் வந்த நாளிலிருந்து ஒரு வருடம், அல்லது பர்மிட் காலாவதியாகும் வரை, எது முந்தியோ அதுவரை. ஊருக்குப் போய் மூன்று மாதத்துக்குள் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. ஆகவே ஆறாவது மாதத்திலேயே ஜப்பான் லைசென்ஸாக மாற்றும் வேலையைத் தொடங்குங்கள். இந்திய லைசென்ஸ் வாங்கியபின் மூன்று மாதம் இந்தியாவில் இருந்ததற்குச் சான்று கேட்பார்கள், பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். 2025 அக்டோபர் முதல் எழுத்துத் தேர்வு 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும்.

ஓட்டிக் காட்டுவதில்தான் நம்மவர்கள் விழுகிறார்கள். இடப்பக்கம் திரும்ப 30 மீட்டருக்கு முன்பே சிக்னல் போட்டு, தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்து, ஓரமாக ஒட்டி வர வேண்டும். கண்ணை மட்டும் உருட்டினால் பார்த்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நிறுத்தக் கோட்டில் சக்கரம் அசையாமல் நிற்க வேண்டும், ஊர்ந்தால் அவுட்.

கேள்வி: ஹிரோஷிமா பக்கம் இருக்கிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த 750 வாட் மிக்ஸியும் கிரைண்டரும் ஓடுமா?

நேரடியாகச் செருகினால் முனகும், அரைக்காது. இங்கே 100 வோல்ட்தான். 220க்கு ஏற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மிக்ஸி கிளம்பும்போது அதிகம் இழுக்கும், அதனால் 1500 வாட்டாக வாங்குங்கள். சுவர் பிளக்கின் மொத்தத் தாங்குதிறனும் 1500 வாட்தான், அதே இடத்தில் ரைஸ் குக்கரைச் செருகாதீர்கள். மின்சாரம் நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ், உங்கள் பக்கம் 60 என்பதால் கிரைண்டர் கல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும், மாவு சீக்கிரம் சூடாகும். ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். புதிதாக வாங்குவதென்றால் அமெரிக்காவுக்கென்று வரும் 110 வோல்ட் மிக்ஸியே மேல், டிரான்ஸ்ஃபார்மர் தொல்லை இல்லை.

கேள்வி: பக்கத்து வீட்டு அம்மா அட்டையில் செருகிய காகிதங்களைக் கொடுத்துவிட்டுப் போகிறார். என்ன செய்வது?

அது காயிரான்பான், தெருச் சுற்றறிக்கை. வாய்க்கால் தூர்வாரும் நாள், குப்பை நாள் மாற்றம் எல்லாம் அதில்தான் வரும். போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். உங்கள் பெயருக்கு நேரே முத்திரையோ கையெழுத்தோ போட்டு, அன்றோ மறுநாளோ அடுத்த வீட்டில் கொடுத்துவிடுங்கள். தூர்வார வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். சில ஊர்களில் வராதவரிடம் பணம் வாங்குவார்கள், முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள்.

முதல் கேள்வி கேட்ட நாகானோக்காரரே, உங்களுக்கும் இது பொருந்தும். அந்தப் பத்து நாளும் அட்டை உங்கள் வாசலில் கிடந்தால் அதற்கப்பால் ஒரு வீட்டுக்கும் செய்தி போகாது. வால்வை மூடுவதற்கு முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.