வேதியியல் பி.எட். மாணவர்களின் மதிப்பிடும் திறனைச் சோதிப்பது எப்படி? சேலம் ஆசிரியர்களின் கேள்விகளும் என் பதில்களும்

ஆத்தூரிலிருந்து: மேடம், கற்றல் திறன்களை ஆறு படிகளாக அடுக்கும் ப்ளூம் வரிசையில் மதிப்பிடுதல் உச்சியா, ஐந்தாவதா?

1956 வரிசையில் அதுதான் உச்சி. 2001-ல் ஆண்டர்சனும் கிராத்வோலும் திருத்தியபோது ஐந்தாவதாகி, மேலே ‘படைத்தல்’ வந்தது. ஆனால் நம் கேள்வித்தாளின் சிக்கல் அதுவல்ல. ‘மதிப்பிடுக’ என்று முடித்துவிட்டால் போதும் என்று நினைக்கிறோம், விடை கைடில் இருந்தால் பிள்ளைகள் அதை மனப்பாடமாகத்தான் எழுதுவார்கள்.

ஓமலூரிலிருந்து: அப்படியானால் நல்ல கேள்வி ஒன்று காட்டுங்கள் அக்கா.

ஒரு பிளஸ் டூ மாணவனின் செய்முறை நோட்டைக் கொடுங்கள். அசிட்டிக் அமிலத்தைக் குடுவையில் எடுத்து, பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு வைத்து, நிறங்காட்டியாக மெத்தில் ஆரஞ்சு போட்டுத் தரம்பார்த்திருக்கிறான், மூன்று முறையும் ஒரே அளவு வந்திருக்கிறது. ‘இந்த முடிவை ஏற்பீர்களா? எவ்வளவு மார்க் போடுவீர்கள்? அவனிடம் அடுத்து என்ன கேட்பீர்கள்?’ என்று கேளுங்கள். அளவுகள் ஒத்துப்போகின்றனவே என்று முழு மார்க் போடுகிறவர்கள் நிறைய பேர். மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுவது பிஎச் 3.1 முதல் 4.4-க்குள், இங்கே அமிலமும் காரமும் சரியாக ஈடாகும் சமான புள்ளியோ 8-க்கும் மேலே. அதனால் நிறம் முன்னாடியே மாறிவிடும், காரம் குறைவாகச் செலவாகும், அமிலத்தின் செறிவும் குறைவாகவே கணக்கில் வரும். ஒரே தவறு மூன்று முறையும் நடந்தால் அளவு ஒத்துத்தானே போகும்! இதைப் பிடிக்கிறவர்தான் நாளைக்குச் செய்முறைத் தேர்வில் நியாயமாக மார்க் போடுவார்.

மேட்டூரிலிருந்து: மார்க்கை எப்படிப் பிரிப்பது?

நான் பத்துக்குப் போடுவது இப்படி: ‘ஏற்க மாட்டேன்’ என்ற தீர்ப்புக்கு 1 மட்டும், எந்த அளவுகோலை வைத்துச் சொன்னார் என்பதற்கு 3, நோட்டிலிருந்து காட்டிய ஆதாரத்துக்கு 4, அடுத்து மாணவனிடம் கேட்கும் கேள்விக்கு 2. தாள்களை இரண்டு பேர் தனித்தனியாகத் திருத்துங்கள். இரண்டு மார்க்குக்கு மேல் வித்தியாசம் வந்தால் உட்கார்ந்து பேசுங்கள், சராசரி போட்டு முடித்துவிடாதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து: எங்கள் பிள்ளைகள் பயிற்சிக்குப் போகிற பள்ளியில் ஆய்வகமே இல்லையே மேடம்?

சேலத்து வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட், போதும். ‘அமிலம் விட்டேன், குமிழி வந்தது, ஆகவே இது சுண்ணாம்புக்கல்’ என்று ஒரு மாணவன் சொல்வதாக வைத்து, இந்த ஆதாரம் போதுமா என்று கேளுங்கள். மாக்னசைட்டும் கார்பனேட்தான், அதிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடு வரும். அப்புறம், பிரித்தறிய என்ன செய்வாய் என்று கேட்டால் தீயில் காட்டி நிறம் பார்க்கும் சுவாலைச் சோதனை வரைக்கும் வந்துவிடுவார்கள்: கால்சியம் செங்கல் சிவப்பு காட்டும், மெக்னீசியம் நிறம் காட்டாது.

சங்ககிரியிலிருந்து: தமிழ்வழியில் படித்தவர்கள் சுருக்கமாகத்தான் எழுதுகிறார்கள், மார்க் குறைக்கலாமா?

கூடாது. காரணம் இரண்டே வரியில் இருந்தாலும் முழு மார்க் கொடுங்கள். சந்தேகமிருந்தால் கூப்பிட்டு வாய்மொழியாகக் கேளுங்கள்.